எத்தனை மணிச் செய்தி இது?

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போரைப் பற்றிய பேச்சு என்றதும் பீரங்கியையும் வீர சாகசங்களையும் எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது ஒரு மேஜை, ஒரு கடிகாரம், சில கணினித் திரைகள் ஆகியவற்றைப் பற்றி. ஒரு படையின் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒருவர் கடற்கரையில் இருப்பார், ஒருவர் வானத்தில் இருப்பார், இன்னொருவர் வெகுதூரத்தில் ஒரு நிலவறைக்குள் இருப்பார். பார்க்கிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர், அந்த முடிவை நம்பிப் போய் உயிரைப் பணயம் வைக்கிறவர் மூன்றாமவர். முதலாமவர் பார்த்தது இரண்டாமவருக்கு எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே மூன்றாமவர் வீடு திரும்புவதும் திரும்பாததும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவெடுப்பவர் முன்னால் தகவலைக் கொட்டுவது பெரிய காரியமில்லை. கொடுக்கிற ஒவ்வொரு தகவலோடும் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். இது எத்தனை மணிச் செய்தி? எவ்வளவு உறுதியான செய்தி? நம் ஆட்கள் இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறார்கள்? இந்த மூன்றையும் காட்டிய ஏற்பாடு மரக்கட்டையும் அட்டையுமாக இருந்தபோதும் ஒரு நாட்டைக் காப்பாற்றியது. இவற்றை மறைத்த ஏற்பாடு அந்தக் காலத்தின் மிக நவீனமான கணினியாக இருந்தும் அப்பாவிகளைக் கொன்றது. இரண்டுக்கும் சாட்சி வைக்கிறேன்.

நிலவறை மேஜை

1940-ஆம் ஆண்டுக் கோடைகாலம். பிரான்ஸ் விழுந்துவிட்டது. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஜெர்மன் விமானங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. டோவருக்கும் பிரான்ஸ் கரைக்கும் இடையே கடலின் அகலம் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் அதை ஏழே நிமிடத்தில் தாண்டிவிடும். ஆனால் தரையிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமான அணி கிளம்பி 20,000 அடி உயரம் ஏற ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். எதிரி கடலைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பினால் கதை முடிந்தது. எப்போதும் வானில் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்றால் அதற்குப் போதுமான விமானங்களும் இல்லை, விமானிகளும் இல்லை.

இந்தக் கணக்கைத் தீர்த்தது ரேடார் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அது பாதி உண்மை. 1935 பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரி என்ற ஊருக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் அவருடைய உதவியாளரும் வானொலி அலைகள் விமானத்தில் பட்டுத் திரும்புவதைச் செய்து காட்டினார்கள். அதிலிருந்து கடற்கரை நெடுக ரேடார் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் ஜெர்மனியிடமும் ரேடார் இருந்தது. அவர்களுடைய ஃப்ரேயா கருவி, தொழில்நுட்பத்தில் பிரிட்டனின் கருவியைவிட நேர்த்தியானது. அவர்களிடம் அப்போது இல்லாதது, ரேடார் கண்டதைச் சில நிமிடங்களுக்குள் விமானியின் காதுவரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. பிரிட்டிஷ் போர் விமானப் படையின் தலைவர் ஹியூ டௌடிங் அதைத்தான் 1936 முதல் கட்டிக்கொண்டிருந்தார். வேதியியலாளர் ஹென்றி டிசார்ட் 1936-37-இல் பிகின் ஹில் தளத்தில், ரேடார் முழுதாக வேலைக்கு வருவதற்கு முன்பே, அதிலிருந்து செய்தி வந்தால் விமானங்களை எப்படி வழிநடத்துவது என்று ஒத்திகை பார்க்க வைத்தார். கருவி தயாராகும்போது அதைப் பயன்படுத்தும் பழக்கமும் தயாராக இருந்தது.

அந்த ஏற்பாட்டின் இதயம் இரண்டு அறைகள். முதல் அறை லண்டனுக்கு வடமேற்கே பென்ட்லி ப்ரையரியில் இருந்த வடிகட்டும் அறை. ரேடார் நிலையங்களின் தொலைபேசிகள் அங்கேதான் வந்து முடியும். அக்காலத்து ரேடாருக்கு ஒரு குணம் உண்டு: தூரத்தைச் சரியாகச் சொல்லும், திசையைச் சொதப்பும், உயரத்தையும் எண்ணிக்கையையும் ஏறக்குறையத்தான் சொல்லும். ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு வேறு இடங்களில் காட்டும். அந்த இரண்டையும் அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினால் அங்கே எதிரி இரட்டிப்பாகத் தெரிவான். வடிகட்டும் அறையில் இருந்தவர்கள் திசையை நம்பவில்லை. இரண்டு நிலையங்களிலிருந்தும் தூரத்தை மட்டும் எடுத்து இரண்டு வளைவுகள் போட்டு, அவை வெட்டும் இடமே எதிரி இருக்கும் இடம் என்று வைத்துக்கொண்டார்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவன் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறதே, அதே காரியம்தான். கருவியின் பலவீனம் எங்கே என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்தப் பலவீனம் மேலே போகாமல் அங்கேயே நிறுத்தினார்கள்.

யாருடைய விமானம் என்று தெரியாவிட்டால்? அப்போதும் ஒளிக்கவில்லை. எதிரி என்று உறுதியானால் ‘எச்’ என்ற எழுத்து, நம்முடையது என்றால் ‘எஃப்’, தெரியவில்லை என்றால் ‘எக்ஸ்’. “தெரியவில்லை” என்பதற்கும் ஒரு கட்டை, ஓர் எழுத்து, மேஜையில் ஓர் இடம். அதிகாரி அதைப் பார்க்கிறபோது இது இன்னும் தீராத விவகாரம் என்பது அவருக்கு ஒரு கணமும் மறக்காது.

இரண்டாவது அறை உக்ஸ்பிரிட்ஜில், தரைக்குக் கீழே சுமார் 60 அடி ஆழத்தில் இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம். 76 படிகள் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த 11-ஆம் பிரிவின் தளபதி கீத் பார்க்கின் செயலறை அது. நடுவில் வரைபடம் விரித்த பெரிய மேஜை. அதைச் சுற்றி மகளிர் துணை விமானப் படையின் இளம்பெண்கள், காதில் தொலைபேசி, கையில் நீண்ட கோல். செய்தி வர வர வரைபடத்தின் மேல் கட்டைகளையும் சிறு அம்புகளையும் தள்ளி வைப்பார்கள். கட்டையில் தாக்குதலின் எண், எத்தனை விமானங்கள், எத்தனை அடி உயரம். அதிகாரிகள் மேலே மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

சுவரில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அதன் முகம் ஐந்து ஐந்து நிமிடக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் பூசப்பட்டிருக்கும். செய்தி வரும் நேரத்தில் நிமிட முள் எந்த நிறத்தின் மேல் நிற்கிறதோ, அதே நிற அம்பைத்தான் மேஜையில் வைக்க வேண்டும். முள் இப்போது நீலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் நீல அம்பு இருந்தால் அது புதுச் செய்தி. மஞ்சள் இருந்தால் சற்றே ஆறிய செய்தி. சிவப்பு இருந்தால் பழைய செய்தி, எடுத்துவிட வேண்டியது. முள் மறுபடி சிவப்புக்கு வரும் முன் பழைய சிவப்பு அம்புகள் மேஜையை விட்டுப் போயிருக்க வேண்டும். யாரும் யாரையும் “இது எப்போது வந்தது?” என்று கேட்க வேண்டியதில்லை. இருபது அடி தள்ளி மாடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாலேயே செய்தியின் வயதைப் படித்துவிடுவார். இதற்கு ஆன செலவு மூன்று டப்பா வண்ணம்!

எதிர்ச் சுவர் முழுக்க இன்னொரு பலகை. அதில் எதிரி இல்லை, நம் படை மட்டும்தான். பிகின் ஹில், கென்லி, ஹார்ன்சர்ச், டாங்மியர் என்று 11-ஆம் பிரிவின் ஏழு வட்டாரங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதன் அணிகள். எந்த அணி ஓய்வில் இருக்கிறது, எது சில நிமிடத்தில் கிளம்பத் தயார், எது பறந்துவிட்டது, எது எதிரியைக் கண்டது, எது தரையிறங்கி எரிபொருள் நிரப்புகிறது என்று விளக்குகள் சொல்லும். 1940 செப்டம்பர் 15 அன்று பிரதமர் சர்ச்சில் அந்த மாடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த அணிகள் எல்லாம் மேலே போய்விட்டதைப் பலகையே காட்டியது. மிச்சம் என்ன படை இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று பார்க் பதில் சொன்னதைச் சர்ச்சில் பின்னாளில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன் கையில் ஒன்றுமில்லை என்பதைத் தளபதி சரியான நேரத்தில் அறிவதும் தகவல்தான்.

பறக்கும் நம் விமானம் எங்கே இருக்கிறது என்பதை அறிய அவர்கள் தனியே பாடுபட்டார்கள். காரணம், போர் தொடங்கிய மூன்றே நாளில் கற்ற கசப்பான பாடம். 1939 செப்டம்பர் 6 காலை, பொய்யான அபாய அறிவிப்பை நம்பி அணிகள் கிளம்பின. கிளம்பிய சொந்த விமானங்களே எதிரி என்று மேஜையில் ஏறின. அவற்றை எதிர்க்க மேலும் அணிகளை அனுப்ப, ‘எதிரி’யின் எண்ணிக்கை மேலும் ஏறியது. கடைசியில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள் பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் இறந்தார். அதன்பின் நம்முடையது என்று அடையாளம் காட்டும் கருவிகளைப் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. ‘பிப்-ஸ்க்வீக்’ என்று செல்லப் பெயர் வைத்த ஒரு கருவி, நிமிடத்துக்கு 14 நொடி தானாகவே ஒலிபரப்பும். தரையிலிருக்கும் நிலையங்கள் அதைக் கேட்டுத் திசை கண்டு, நம் அணி இருக்கும் இடத்தைக் குறித்துவிடும். விமானி வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. எல்லோருக்கும் எல்லாம் காட்டவில்லை. எந்தத் தாக்குதலுக்கு எந்த அணி என்பது உக்ஸ்பிரிட்ஜின் முடிவு. அங்கிருந்தவர்கள் விமானிகளோடு பேசவில்லை. விமானியை வானொலியில் வழிநடத்துவது வட்டார அறையின் வேலை. எதிரியைக் கண்ணால் கண்டுவிட்டேன் என்று அணித் தலைவன் அறிவித்த நொடியிலிருந்து, எப்படித் தாக்குவது என்பது அவனுடைய முடிவு. கண் யாருடையதோ, முடிவு அவருடையது. மேலிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எல்லாவற்றிலும் தலையிட்டிருந்தால், ஏழு நிமிடம் பேச்சிலேயே போயிருக்கும்.

வட்டார அறைகள் விமானத் தளங்களிலேயே, தரைக்கு மேல், குண்டுக்கு இலக்காக இருந்தன. பிகின் ஹில் செயலறையில் குண்டு விழுந்தபோதும் தொலைபேசியை விடாமல் வேலை பார்த்த ஹெலன் டர்னருக்கும் எல்ஸ்பெத் ஹெண்டர்சனுக்கும் ராணுவப் பதக்கம் கொடுத்தார்கள். கென்லி தளத்தின் செயலறை, பக்கத்து ஊரில் ஓர் இறைச்சிக் கடைக்குள் குடியேறி வேலையைத் தொடர்ந்தது. அறை எங்கே இருந்தாலும் கட்டையும் நிறமும் சொல்லும் பொருள் ஒன்றே என்பதால் அது முடிந்தது.

கொழும்புக்கு வராத எச்சரிக்கை

அதே பிரிட்டிஷ் படை, அதே ரேடார், ஒன்றரை ஆண்டு கழித்து நம் பக்கத்துக் கடலில் என்ன ஆனது என்று பாருங்கள். 1942 ஏப்ரல் 4 அன்று லியோனார்ட் பிர்ச்சால் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படும் முன் செய்தியை வானொலியில் அனுப்பியும் விட்டார். ஆக, எதிரி வருகிறான் என்பது முதல் நாளே கொழும்புக்குத் தெரியும். ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கொழும்பை அடுத்த ரத்மலானைத் தளத்து விமானிகள் தங்கள் ஹரிக்கேன்களை நோக்கி ஓடினார்கள். நேற்றைய செய்தி இருந்தது. இந்த நிமிடத்துச் செய்தி வந்து சேரவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ரேடார் எச்சரிக்கை நேரத்தோடு வந்ததால் ஹரிக்கேன்கள் முன்பே வானில் ஏறியிருந்தன. சேதம் அங்கேயும் பலமாகத்தான் இருந்தது, ஆனால் படை தூக்கத்தில் மாட்டவில்லை.

அதே ஏப்ரலில்தான் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பேச்சில் சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். ஜப்பானியக் கப்பல் சென்னைக்கு வரவேயில்லை. வயதும் தெரியாமல் உறுதியும் தெரியாமல் வரும் செய்தி, ஓர் ஊரில் தூக்கத்தையும் இன்னோர் ஊரில் பீதியையும் உண்டாக்கும்.

கணினிக்குத் தெரிந்தது, அறைக்குத் தெரியவில்லை

இனி எதிர்ச் சாட்சி. 1988 ஜூலை 3, ஹோர்முஸ் நீரிணை. அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஏஜிஸ் என்ற கணினி முறையைத் தாங்கிய புதுக் கப்பல். ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகளைப் பின்தொடரக்கூடிய ரேடார் அதிலிருந்தது. அன்று காலை அது ஈரானியச் சிறு படகுகளோடு சண்டையில் இருந்தது. முந்தைய ஆண்டு மே மாதம் பக்கத்துப் பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பலை ஈராக்கிய ஏவுகணைகள் தாக்கி 37 மாலுமிகள் இறந்திருந்தார்கள். அந்தப் பயம் எல்லோர் மனத்திலும் இருந்தது.

பந்தர் அப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஈரான் ஏர் 655 என்ற ஏர்பஸ் விமானம், கால அட்டவணைக்கு 27 நிமிடம் தாமதமாக, துபாய்க்குக் கிளம்பியது. அது ராணுவமும் பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்திய நிலையம். கிளம்பி ஏழு நிமிடத்தில் வின்சென்ஸ் ஏவிய இரண்டு ஏவுகணைகள் அதை வீழ்த்தின. 66 குழந்தைகள் உட்பட 290 பேர் இறந்தார்கள். கப்பலின் செயலறையில் இருந்தவர்கள் அதை ஒரு எஃப்-14 போர் விமானம் என்றும், தங்களை நோக்கி உயரம் இறங்கி வருகிறது என்றும் நம்பினார்கள்.

அட்மிரல் வில்லியம் ஃபோகார்ட்டியின் விசாரணை, கப்பலின் கணினிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. கணினி தவறவில்லை. விமானம் ஏறிக்கொண்டே இருந்ததாகவும், பயணிகள் விமானம் அனுப்பும் அடையாளக் குறியையே அனுப்பியதாகவும் பதிவு சொன்னது. ஏறுகிற விமானத்தை இறங்குவதாக எப்படிச் சொன்னார்கள்?

திரைகளை நெருங்கிப் பாருங்கள். தளபதியின் முன்னால் இருந்த பெரிய திரைகளில் இலக்கின் குறி தெரியும், போகும் திசை தெரியும். உயரம் தெரியாது. உயரம் வேண்டுமானால் வேறொரு சின்னத் திரையில் அந்த இலக்கின் எண்களை வரவழைத்துப் படிக்க வேண்டும். அங்கேயும் இந்த நொடியின் உயரம் மட்டும்தான் இருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரை சொல்லாது. முன்பு படித்த எண்ணை நினைவில் வைத்து, இப்போதைய எண்ணோடு மனத்துக்குள் கழித்துப் பார்க்க வேண்டும். வெளியே பீரங்கி வெடிக்கிறது, கப்பல் திரும்புகிறது, காதில் பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன. அந்த நேரத்தில் அந்தக் கழித்தல் கணக்கு நடக்கவில்லை. பயத்துக்குப் பொருத்தமான விடை வாயில் வந்தது. பெரிய திரையில் உயரத்தையும் காட்ட வழி செய்யுங்கள் என்று விசாரணை அறிக்கையே பரிந்துரைத்தது.

எஃப்-14 என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அடையாளக் குறி கேட்கும் கருவிக்கு, திரையில் எந்த இடத்திலிருந்து பதில் கேட்க வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். விமானம் நகர நகர அந்தக் கட்டத்தையும் கையால் நகர்த்த வேண்டும். கட்டம் பந்தர் அப்பாஸிலேயே நின்றுவிட, அங்கே தரையில் நின்ற ஒரு ராணுவ விமானத்தின் பதில் வந்திருக்கலாம் என்பதே விசாரணை சொன்ன விளக்கம். பழைய இடத்துப் பதிலைப் புதிய விமானத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். பதில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது கண்ணில் படும்படி திரையில் இல்லை. ஒருவர் வாயிலிருந்து எஃப்-14 என்ற சொல் வந்ததும் அது வலையமைப்பில் எல்லோர் காதிலும் ஏறியது. அதோடு ஒரு ‘எக்ஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இலக்கின் எண்ணிலும் குழப்பம் இருந்தது. வின்சென்ஸ் அந்த விமானத்துக்கு 4474 என்று எண் கொடுத்தது. கப்பல்களுக்கு இடையிலான இணைப்பு, ஒரே விமானத்துக்கு இரண்டு எண் வேண்டாம் என்று தானாகவே அதை 4131 ஆக்கியது. பழைய எண் பின்பு வேறெங்கோ இருந்த ஓர் அமெரிக்க விமானத்துக்குப் போனது. தளபதி பழைய எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, இறங்கிக்கொண்டிருந்த அந்த வேறு விமானத்தின் விவரத்தையே படித்துச் சொல்லியிருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பிரிந்திருப்பவர்களை இணைக்கத்தான் அந்த இணைப்பு. பெயரை மாற்றிய அது, மாற்றியதைக் கேட்பவர் காதில் போடவில்லை.

அருகிலேயே சைட்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கக் கப்பல் இருந்தது. அதன் தளபதி டேவிட் கார்ல்சன் அதே விமானத்தைப் பார்த்துவிட்டு, இது ஆபத்தில்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். ஒரே வானம், ஒரே விமானம், இணைக்கப்பட்ட இரண்டு கப்பல்கள், இரண்டு முடிவுகள். ஒரு கப்பலின் சந்தேகம் இன்னொரு கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. 1996-இல் அமெரிக்கா, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது.

இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை, நெருக்கடியில் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று ஆராய டாட்மஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அனுபவசாலியான அதிகாரி நான்கு வழிகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவதில்லை. இது ஏற்கெனவே பார்த்த எந்த நிலைமை மாதிரி இருக்கிறது என்று அடையாளம் கண்டு அதன்படி நடக்கிறார் என்பது கேரி க்ளைன் போன்றவர்களின் கண்டுபிடிப்பு. அடையாளம் சரியாக இருந்தால் அது திறமை. தவறாக இருந்தால் வின்சென்ஸ். அதனால் அந்தத் திட்டத்தில் செய்து பார்த்த புதிய திரைகள், உயரத்தை எண்ணாக மட்டும் காட்டாமல் ஏறி இறங்கிய பாதையாகவே வரைந்து காட்டின. இது எதிரி என்பதற்கு ஆதாரம் ஒரு பக்கம், இல்லை என்பதற்கு ஆதாரம் மறுபக்கம் என்று சேர்த்து வைத்தன. மூன்று டப்பா வண்ணத்தில் செய்ததை அரை நூற்றாண்டு கழித்து ஆய்வுக்கூடத்தில் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

நம் ஆள் எங்கே?

மூன்றாவது கேள்வியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

1994 ஏப்ரல் 14, வடக்கு ஈராக். இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். மேலே ஏவாக்ஸ் கண்காணிப்பு விமானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தரைப்படை ஹெலிகாப்டர் ஓர் அலைவரிசையில், விமானப் படை வேறோர் அலைவரிசையில். அந்தப் பகுதிக்குள் போட வேண்டிய அடையாளக் குறியை ஹெலிகாப்டர்கள் போடவில்லை. போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை. எஃப்-15 விமானிகளின் கையிலிருந்த அன்றைய பறப்புப் பட்டியலில் இந்த ஹெலிகாப்டர்களின் நேர விவரம் இல்லை. மலைகளுக்கு நடுவே ஹெலிகாப்டர்கள் ரேடாருக்குத் தெரியாமல் போனபின், ஏவாக்ஸ் திரையிலிருந்த அவற்றின் குறியும் போனது. திரையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்காட் ஸ்னூக் என்ற ராணுவ அதிகாரி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தனித்தனியே யாரும் பெரிதாக விதி மீறவில்லை. ஒவ்வொரு குழுவும் தன் வசதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலகியதில், நடுவில் இருந்தவர்கள் செத்தார்கள் என்பது அவர் முடிவு.

இரண்டாவது, 2001 டிசம்பர் 5, கந்தஹாருக்கு வடக்கே. தரையிலிருந்த அமெரிக்கச் சிறப்புப் படைக் குழு, வானில் பறந்த பி-52 விமானத்துக்கு இலக்கின் இருப்பிட எண்களைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் கையிலிருந்த இடங்காட்டிக் கருவியில் பேட்டரி தீர்ந்தது, மாற்றினார்கள். பேட்டரி மாற்றியதும் அந்தக் கருவி, வைத்திருப்பவரின் சொந்த இருப்பிடத்தைக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. திரையில் எண்கள் இருந்தன, அவை சரியான எண்கள்தான், ஆனால் தங்களுடையவை. அவை மேலே போயின என்று பின்னர் செய்திகள் வெளியாயின. 2,000 ராத்தல் குண்டு அவர்கள் மேலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் பல ஆப்கானியரும் இறந்தார்கள். அன்றுதான் ஆப்கானிஸ்தானின் இடைக்காலத் தலைவராக அறிவிக்கப்பட்ட ஹமீத் கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார். “இது உன் இடம்” என்ற மூன்று சொற்கள் அந்தச் சின்னத் திரையில் பளிச்சென்று இருந்திருந்தால் போதும்.

இன்றைய திரைகள்

சந்தேகத்தையும் வயதையும் காட்டினால் தளபதி தயங்குவாரே, சண்டையில் தயங்க நேரம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 1940-இல் இருந்ததும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்குள்ளும் ‘எக்ஸ்’ கட்டைக்கு இடம் இருந்தது. சந்தேகத்தைப் பத்தியாக எழுதினால்தான் தாமதம். ஒரு நிறமாக, ஓர் எழுத்தாகக் காட்டினால் தாமதமில்லை.

இன்று டேப்லெட் கையில் உள்ள ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு வரைபடம் கிடைக்கிறது. அதில் நீலப் புள்ளி நம்மவர், சிவப்புப் புள்ளி எதிரி. புள்ளிகள் அழகாக, கூர்மையாக இருக்கின்றன. அந்த அழகுதான் எனக்குப் பயம் தருகிறது. இப்போதைய இடத்தைக் காட்டும் புள்ளியும், தொடர்பு அறுபட்டுப் பத்து நிமிடமான புள்ளியும் ஒரே பளபளப்பில் தெரிந்தால், பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகவே நம்புவார். மின்னணுக் குறுக்கீடு நிறைந்த இன்றைய போர்க்களத்தில் தொடர்பு அறுபடுவது அன்றாடம் நடப்பது. வயதாக வயதாகப் புள்ளி மங்க வேண்டும். இருக்கக்கூடிய பரப்பு விரிய வேண்டும். பல கருவிகளின் செய்தியை மென்பொருளே கலந்து, எதிரி என்று முத்திரை குத்தித் தருகிறது என்றால், எந்த ஆதாரத்தில் குத்தினாய் என்று ஒரு தொடுதலில் கேட்க முடிய வேண்டும். அன்று வடிகட்டும் அறையில் இருந்தது ஒரு மனிதர். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ட்ரோன் அனுப்பும் படம் தலைமையகம்வரை நேரடியாகப் போகிறது. பார்க்க முடிகிறது என்பதாலேயே, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தளபதி ஒரு சிறு குழுவின் அடுத்த அடியை முடிவு செய்யத் துடிப்பார். அவர் பார்ப்பது மேலிருந்து தெரியும் ஒரு சதுரம். தரையில் நிற்பவர் காதால் கேட்பது அந்தச் சதுரத்தில் இல்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைப் போலவே, யார் எந்த முடிவை விட்டுக்கொடுப்பது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

பொறியியல் படிக்கும் மாணவ நண்பர்களே, உங்களில் பெரும்பாலோர் போர்க்கப்பலுக்குத் திரை வடிவமைக்கப் போவதில்லை. மாவட்ட ஆட்சியரின் புயல் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்வீர்கள், ஆம்புலன்ஸ் சேவைக்குச் செய்வீர்கள், அணையின் நீர்மட்டம் காட்டும் பலகைக்குச் செய்வீர்கள். அங்கேயும் பார்ப்பவர் ஓரிடம், முடிவெடுப்பவர் ஓரிடம், தண்ணீரில் நிற்பவர் இன்னோரிடம்தான். புயல் இரவில் வாட்ஸ்அப்பில் சுற்றும் வெள்ளப் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரியாமல் நாம் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம். அரசாங்கத் திரையும் அதே தவறைச் செய்யக் கூடாது. நீங்கள் போடும் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் எத்தனை மணிக்கு வந்தது, யார் சொன்னது என்று போடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே காட்டுங்கள். மீட்கப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அதே திரையில் இடம் ஒதுக்குங்கள். இடமில்லை, அழகு கெடும் என்று மேலதிகாரி சொன்னால், வேறு எதையாவது எடுத்துவிட்டு இந்த மூன்றையும் வையுங்கள்.